அல்ஜீரிய விடுதலைப் போரும் அதன் பின்னர் பெண்களின் அரசியல் நிலையும்

(கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை பெற்றது. 132 ஆண்டுக்காலப் பிரெஞ்சு ஆதிக்கமும் ஏழரை ஆண்டுக்காலப் போரும் முடிவுக்கு வந்தன. அந்நாட்களில் அல்ஜியர்ஸ் நகரில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் கொடியேந்திய பெண்கள் வீதிகளை நிறைத்து நிற்பதைக் காணலாம். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1984 ஜூன் 9 அன்று, அதே நாட்டின் மக்கள் பேரவை ஒரு குடும்பச் சட்டத்தை நிறைவேற்றியது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்று அதன் 39ஆம் பிரிவு விதித்தது. இவ்விரு நாள்களுக்கும் இடையில் நடந்தவை யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

இதனை மதத்தின் விளைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. அவர்களுக்கு அண்டை நாடான துனிசியாவே விடையளிக்கிறது. துனிசியா 1956 மார்ச்சில் விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஐந்தே மாதங்களில், பலதார மணத்தை ஒழித்து, மணமுறிவை நீதிமன்றத்தின் வழியே மட்டும் அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. மதம் ஒன்றே, மொழி ஒன்றே, ஆண்ட ஏகாதிபத்தியமும் ஒன்றே. பெண்கள் பெருந்திரளாக ஆயுதப் போரில் பங்கேற்றது அல்ஜீரியாவில். குடும்பச் சட்டம் திருந்தியதோ துனிசியாவில். ஆகவே, காரணத்தை அரசியலில் தேட வேண்டியுள்ளது.

போர் தொடங்குவதற்கு முன்னரே அல்ஜீரியப் பெண்களிடையே அமைப்புகள் இருந்தன. கம்யூனிஸ்டுகளின் முன்முயற்சியில் உருவான அல்ஜீரியப் பெண்கள் சங்கம் ரொட்டி விலை, வேலை, அமைதி ஆகிய கோரிக்கைகளோடு நகரத் தொழிலாளர் குடும்பங்களுக்குள் சென்றது. 1950இல் ஒரான் துறைமுகத் தொழிலாளர்கள், வியட்நாமிய மக்களைக் கொல்வதற்கான ஆயுதங்களைக் கப்பலில் ஏற்ற மறுத்தபோது அவர்களுடைய வீட்டுப் பெண்களும் வீதிக்கு வந்தனர். தேசியவாதிகளும் 1947இல் முஸ்லிம் பெண்கள் சங்கம் ஒன்றை அமைத்திருந்தனர். எனினும் இவற்றின் வீச்சு குறுகியதே. அன்றைய அல்ஜீரிய முஸ்லிம் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. ‘நாகரிகம் புகட்ட வந்தோம்’ என்று நூற்றிருபது ஆண்டுகளாக முழங்கிய பிரான்சின் சாதனை அதுதான்!

1954 நவம்பர் 1 அன்று தேசிய விடுதலை முன்னணி போரைத் தொடங்கியது. அடுத்து நிகழ்ந்தவற்றில் உலகறிந்த பகுதி, அல்ஜியர்ஸ் நகரப் போராகும். காஸ்பா என்னும் பழம்பகுதியில் காலனியவாதிகள் வைத்த குண்டு குடியிருப்பு ஒன்றைத் தகர்த்துப் பலரைக் கொன்றதைத் தொடர்ந்து, 1956 செப்டம்பர் 30 அன்று ஐரோப்பியர் கூடும் இடங்களுக்கு மூன்று இளம்பெண்கள் குண்டுகளைக் கொண்டு சென்றனர். ஸொஹ்ரா த்ரீஃப் சட்டக் கல்லூரி மாணவி. ஜமீலா பூஹிரெத் 1957இல் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, மரண தண்டனை விதிக்கப்பெற்றார். உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. எகிப்திய இயக்குநர் யூசுப் ஷாஹீன் 1958இலேயே அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார். ஹஸீபா பென் பூஅலி, ஒளிந்திருந்த வீட்டைப் பிரெஞ்சு வான்குடைப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தபோது, பத்தொன்பது வயதில் உயிர் நீத்தார். ஜமீலா பூபாஷாவின் வழக்கை வழக்கறிஞர் ஜிஸேல் ஹலிமியும் எழுத்தாளர் சிமோன் தெ பொவ்வாரும் பிரெஞ்சு மக்களின் மனச்சான்றின் முன் நிறுத்தினர். ஐரோப்பிய வம்சாவளிக் கம்யூனிஸ்ட் பெண்களும் இப்போரில் இருந்தனர். ரெய்மோன்த் பெஷார் 1957இல் மலைப்பகுதியில் கொல்லப்பட்டார். ஜாக்லின் கெரூஜ் மரண தண்டனை பெற்றார்.

இப்பெயர்கள் போற்றுதற்குரியவை. ஆனால் போரில் பங்கேற்ற பெண் என்றவுடன் கைப்பையில் குண்டு கொண்டு செல்லும் நகரத்து இளம்பெண்ணே நினைவுக்கு வருவாளானால், பெரும்பான்மையினர் மறைந்துபோவர். இதனைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜமீலா அம்ரான். ஜாக்லின் கெரூஜின் மகளான அவர், பதினேழு வயதில் போரில் இணைந்து சிறை சென்றவர், பின்னாளில் வரலாற்றாய்வாளரானார். முன்னாள் போராளிகளுக்கான அமைச்சகத்தின் கோப்புகளை அவர் ஆராய்ந்தார். பதிவு பெற்ற பெண் போராளிகள் 10,949 பேர். அதாவது, பதிவு பெற்ற மொத்தப் போராளிகளில் நூற்றுக்கு மூவர். அவர்களுள்ளும் விடுதலைப் படையின் அணிகளில் இருந்தோர் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே. ஏனையோர் ‘குடிமக்கள்’ பிரிவினர். அவர்களில் பெரும்பாலோர் செய்த பணி என்ன? போராளிகளுக்கு வீட்டில் இடமளித்தது, ரொட்டி சுட்டுக் கொடுத்தது, துணி துவைத்தது, செய்தியும் பணமும் மருந்தும் கொண்டு சென்றது, வழிகாட்டியது. குண்டு வைத்தோர் மிகச் சிறு பங்கினரே.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ரொட்டி சுடுதல் எவ்வாறு போராகும் என்று கேட்கலாம். மலைக்கிராமம் ஒன்றில் இருபது பேருக்கு இரவில் ரொட்டி சுட்டால் புகை எழும்; புகையைக் கண்டால் பிரெஞ்சுப் படை வரும்; வந்தால் வீடு எரியும், ஆண்களுக்குத் துப்பாக்கி, பெண்களுக்கு அதனினும் கொடியது. சிற்றூர்களைக் காலி செய்து இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களை முள்வேலி முகாம்களில் பிரெஞ்சு இராணுவம் அடைத்ததே, இந்த ரொட்டியையும் இந்தப் புகலிடத்தையும் துண்டிப்பதற்காகத்தான். எதிரி அதனைப் போர் என்று சரியாகவே புரிந்துகொண்டான். விடுதலைக்குப் பின் கோப்பு எழுதிய எழுத்தர்தாம் அதனை வீட்டுவேலை என்று கருதினர். அதைவிடத் துயரமானது, அப்பெண்களுள் பலரும் அவ்வாறே கருதியமை. போராளி என்று பதிவு பெற விண்ணப்பம் எழுத வேண்டும். சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். எழுத்தறியாத கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டும் அரிது. சாட்சி சொல்லக் கூடியவர்கள் இறந்திருப்பர். ‘வந்தவர்களுக்குச் சோறு போட்டேன், அதற்கொரு சான்றிதழா’ என்னும் எண்ணத்திலேயே பலர் பதிவுக்குச் செல்லவில்லை. ஆகவே 10,949 என்பது உண்மையான எண்ணிக்கையில் ஒரு பகுதியே. அச்சான்றிதழோ வெறும் தாள் அன்று. ஓய்வூதியமும் வேலையில் முன்னுரிமையும், யாவற்றிற்கும் மேலாக, புதிய நாட்டில் அரசியல் குரலும் அதனோடு இணைந்திருந்தன.

போர்க்காலத்திலேயே வேறொன்றும் தெளிவாகியது. 1956 ஆகஸ்டில் சும்மாம் பள்ளத்தாக்கில் கூடிய முன்னணியின் மாநாடு, பெண்களின் வீரத்தைப் பாராட்டியது; பின்னர் அவர்களுக்கான பணிகளை வகுத்தது. போராளிகளுக்கு மனவலிமை ஊட்டுதல், செய்தித் தொடர்பு, உணவு, புகலிடம், சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கு உதவி. முடிவெடுக்கும் பொறுப்பு அப்பட்டியலில் இல்லை. 1957இன் இறுதி முதல், மலைகளில் செவிலியராகவும் பிற பணிகளிலும் இருந்த பெண்களுள் பலர் துனிசியாவுக்கும் மொராக்கோவுக்கும் அனுப்பப்பட்டனர். 1958இல் அமைந்த தற்காலிக அரசாங்கத்தில் ஒரு பெண்கூட அமைச்சர் இல்லை. 1960 டிசம்பர் 11 அன்று அல்ஜியர்ஸ் நகரில் மக்கள் வெள்ளம் துப்பாக்கிகளின் முன் அணிவகுத்தபோது, கொடி தைத்தவர்களும் முன்வரிசையில் குரல் எழுப்பியவர்களும் பெண்கள். 1962இல் எவியான் நகரில் ஒப்பந்த மேசையில் அமர்ந்தவர்கள் அனைவரும் ஆண்கள்.

இனி, இதன் மறுபக்கத்தைக் காண வேண்டும். இவ்வரலாற்றின் முடிச்சு அங்கேதான் உள்ளது. பிரான்ஸ் தன் சொந்தப் பெண்களுக்கு 1944இல் வாக்குரிமை அளித்தது. 1947ஆம் ஆண்டின் அல்ஜீரியச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கும் அவ்வுரிமை உண்டு என்று கூறி, நடைமுறைப்படுத்தும் பொறுப்பைக் காலனியவாதிகள் நிறைந்த அல்ஜீரியப் பேரவையிடம் விட்டது. பதினோர் ஆண்டுகள் அப்பேரவை அசையவில்லை. போரில் தோற்கக்கூடும் என்னும் நிலை வந்த பின்னரே, 1958இல், திடீரென அவ்வுரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அல்ஜியர்ஸ் நகர மைதானத்தில், தளபதிகளின் முன்னிலையில், முஸ்லிம் பெண்கள் சிலரை மேடையேற்றி முகத்திரையை அகற்றும் காட்சி நடத்தப்பட்டது. தளபதிகளான மசூ, சலான் ஆகியோரின் மனைவியர் ‘பெண்கள் ஒற்றுமை’ இயக்கம் நடத்தினர். மசூவின் படையினரோ அதே நகரில் பெண்களுக்கு மின்சாரச் சித்திரவதை செய்துகொண்டிருந்தனர். 1959 பிப்ரவரியில் திருமணச் சட்டமும் வந்தது. இருவர் சம்மதம் வேண்டும், பெண்ணுக்குக் குறைந்தது 15 வயது வேண்டும், மணமுறிவு நீதிமன்றத்தின் வழியாகவே நிகழ வேண்டும் என்று அது கூறியது. கூற்று சரியானது, கூறியவன் கொலைகாரன்.

முன்னணி அச்சட்டத்தை எதிர்த்தது. அயலான் நம் குடும்பத்தில் கைவைக்கிறான் என்பதே அதன் வாதம். அவ்வாறு எதிர்த்ததன் உணர்வைப் புரிந்துகொள்ளலாம். ஃபிரான்ஸ் ஃபனான் 1959இல் வெளியிட்ட நூலில், முகத்திரையை அணிவதும் அகற்றுவதும் போரின் தேவைக்கேற்பப் பெண்களாலேயே மாற்றப்பட்டதை எடுத்துக்காட்டி, போரே குடும்பத்தை மாற்றிவிட்டது என்று நம்பிக்கையோடு எழுதினார். அந்நம்பிக்கை அவசரப்பட்ட ஒன்று. போர் பல பெண்களை மாற்றியது என்பது மெய். சொத்துரிமை, மணமுறிவு, குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றைப் போர் தானாக மாற்றாது. அவற்றை மாற்றுவதற்குத் திட்டம் வேண்டும். அத்திட்டத்தை முன்வைக்கும் அமைப்பும் வேண்டும். முன்னணியிடம் நிலச் சீர்திருத்தத்திற்கும் தொழிலுக்கும் திட்டம் இருந்தது. குடும்பத்தைப் பற்றி ‘விடுதலைக்குப் பின்’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. விளைவு என்னவெனில், விடுதலைக்குப் பின் எந்தப் பெண் சம உரிமை கேட்டாலும் ‘இது பிரெஞ்சுக்காரன் பேச்சு’ என்று வாயடைக்கும் வசதி பிற்போக்காளர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டிலும் 1891இல் சம்மத வயதுச் சட்டத்தின்போது, பெண் குழந்தையின் உயிரைவிட அந்நியன் தலையீடே பெரிதென்று திலகர் போன்ற தேசியத் தலைவரும் வாதிட்டதைத் தோழர்கள் அறிவர்.

1962 ஜூனில் திரிப்போலியில் ஏற்கப்பட்ட திட்டம், பெண்கள் குறித்த பிற்போக்கு மனநிலை நம் சமூகத்தில் உள்ளது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. கட்சி அதனை எதிர்த்துப் போராடிப் பெண்களுக்குப் பொறுப்புகள் வழங்க வேண்டும் என்றும் கூறியது. தாளில் நல்ல வாசகங்கள். 1962 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையில், ஏறத்தாழ 200 உறுப்பினர்களில் பெண்கள் 10 பேர். 1963ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இருபாலார்க்கும் சம உரிமை என்றது. அதே ஆண்டு, உறுப்பினர் ஃபாத்திமா கெமிஸ்தியின் முயற்சியால், பெண்ணின் திருமண வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. பத்துப் பேர் இருந்தாலும் ஒரு சட்டம் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1964இல் அமைந்த பேரவையில் 138 பேரில் பெண்கள் இருவர் ஆயினர்.

1965 மார்ச் 8 அன்று அல்ஜியர்ஸ் நகரில் பல்லாயிரம் பெண்கள் பேரணி சென்றனர். மூன்று மாதங்கள் கழித்து, ஜூன் 19 அன்று, இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன்பின் 1977 வரை நாட்டில் பேரவையே இல்லை. முன்னதாக, 1962 நவம்பரிலேயே கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. பெண்களுக்கென 1963இல் தொடங்கப்பட்ட தேசிய சங்கம் ஆளும் கட்சியின் கிளையாகவே இயங்கியது. சுதந்திரமான தொழிற்சங்கமும் இல்லை, வேறு கட்சியும் இல்லை, வேறு பெண்கள் அமைப்பும் இல்லை என்னும் நிலையில், போரில் பயின்ற அந்தப் பத்தாயிரம் பெண்களும் எங்கே சென்று அரசியல் பேசுவது? பெரும்பாலோர் வீடு திரும்பினர். 1966ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலையிலிருப்போராகக் காட்டப்பட்ட பெண்கள் ஒரு லட்சத்தை எட்டவில்லை. வயலில் உழைத்தோரைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

இக்காலத்தின் நற்செயல்களை மறைத்தல் நேர்மையன்று. பள்ளிகள் திறக்கப்பட்டன, கல்வி இலவசமாயிற்று, 1971இல் எண்ணெய், எரிவாயுத் துறை அயல்முதலாளிகளிடமிருந்து மீட்கப்பட்டது. இன்று அல்ஜீரியப் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்பதற்கு அக்காலமே விதையிட்டது. ஆயினும் உழைப்புச் சந்தையில் இன்றும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோரே உள்ளனர். சோசலிசம் பேசிய அரசு எண்ணெய்க் கிணறுகளில் காட்டிய துணிவைக் குடும்பச் சட்டத்தில் காட்டவில்லை. வரைவுகள் எழுதப்பட்டு மடிக்கப்பட்டன. முல்லாக்களையும் மரபுவாதிகளையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்பதும், நிலச் சீர்திருத்தத்தில் அவர்களிடமிருந்து எழும் எதிர்ப்பைத் தணிக்கப் பெண்களைப் பணயமாக வைப்பதும் ஒன்றோடொன்று இணைந்தவை.

1981இல் அரசு இரகசியமாகத் தயாரித்த குடும்பச் சட்ட வரைவு வெளியே கசிந்தது. அப்போதுதான் முன்னாள் பெண் போராளிகள் மீண்டும் வீதிக்கு வந்தனர். மாணவிகளும் ஆசிரியைகளும் அவர்களோடு சேர்ந்தனர். தடையை மீறி அல்ஜியர்ஸ் நகரின் பெரிய அஞ்சலகத்தின் முன் கூடியவர்களுள், பிரெஞ்சுச் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கி இருந்தோரும் உண்டு; அவர்களைத் தடுத்து நின்றது அவர்கள் உருவாக்கிய நாட்டின் காவல்துறை. 1982 ஜனவரியில் அவர்கள் ஆறு கோரிக்கைகளை எழுத்தில் அளித்தனர்: ஒருவனுக்கு ஒரு மனைவி, நிபந்தனையற்ற வேலையுரிமை, குடும்பச் சொத்தில் சமபங்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உரிமை வயது, மணமுறிவில் ஒரே விதிகள், கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. அரசு வரைவைத் திரும்பப் பெற்றது.

இரண்டே ஆண்டுகளில், முன்னறிவிப்பும் பொது விவாதமும் இன்றி, சட்டம் நிறைவேறியது. பெண்ணின் திருமணத்தை அவளுடைய காப்பாளரான ஆணே முடிக்க வேண்டும். கணவன் நான்கு மனைவியரை மணக்கலாம். கணவன் விரும்பினால் மணமுறிவு; மனைவி விரும்பினால் குறிப்பிட்ட சில காரணங்களை மெய்ப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சட்டப் பாதுகாவலர் தந்தையே. இவ்வளவும், சம உரிமை பேசும் அரசமைப்புச் சட்டத்தின் கீழ்! வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் அப்படியே இருந்தன. வழக்கறிஞராக, நீதிபதியாகப் பெண் அமரலாம். ஆனால் அந்நீதிபதி தன் திருமணத்தைத் தானே முடித்துக்கொள்ள இயலாது. அரசியல் உரிமையும் குடும்ப உரிமையும் வெவ்வேறு அறைகள் என்று எண்ணுவோர்க்கு இதனைக் காட்டலாம். கணவன் அனுமதியின்றி வெளியே செல்ல அஞ்சும் பெண், கிளைக் கூட்டத்திற்கு எவ்வாறு வருவாள்?

1990களின் உள்நாட்டுப் போரை விரிக்க இங்கு நேரமில்லை. பெண்ணுரிமைப் போராளியும் இடதுசாரியுமான நபீலா ஜாஹ்னின் 1995 பிப்ரவரியில் திசி ஊஸூ நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதை மட்டும் நினைவுகூர வேண்டும். 1984இல் அரசு மதவாதிகளுக்கு விட்டுக்கொடுத்தது அவர்களைத் தணிக்கவில்லை என்பதற்கு அந்தப் பத்தாண்டுகளின் குருதியே சான்று. அடுத்து, ‘இருபது ஆண்டுகள், போதும்’ என்னும் முழக்கத்தோடு பெண்கள் அமைப்புகள் நடத்திய இயக்கத்தின் விளைவாக 2005இல் சில திருத்தங்கள் வந்தன. கீழ்ப்படிதல் பிரிவு நீக்கப்பட்டது. திருமண வயது இருபாலார்க்கும் 19 ஆயிற்று. தாய்வழியாகவும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைத்தது. காப்பாளரை இனிப் பெண்ணே தேர்ந்துகொள்ளலாம் என்றனர். காப்பாளர் வேண்டாம் என்று கூறவில்லை. பலதார மணம் நீதிபதியின் அனுமதியோடு தொடர்ந்தது.

பேரவையில் நிகழ்ந்தது தனிக் கவனத்திற்குரியது. 2012 ஜனவரியில் இயற்றப்பட்ட ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு கட்சியும் வெல்லும் இடங்களில் ஒரு பங்கு பெண்களுக்குச் சென்றாக வேண்டும். அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் 462 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் பெண்கள் அமர்ந்தனர். 2021இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. வேட்பாளர் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது புதிய சட்டம். கேட்பதற்கு முன்னதைவிட மேலானது. ஆனால் வென்ற இடங்களை ஒதுக்கும் விதி அகன்றது. பட்டியலில் யாருக்குத் தனி வாக்கு மிகுதியோ அவரே உறுப்பினர் என்றாயிற்று. பணமும் குலத்தொடர்பும் பரப்புரை வசதியும் உடைய ஆண்கள் அவ்வாக்குகளைத் திரட்டிக்கொண்டனர். 407 இடங்களில் பெண்கள் 34 பேர். வேட்பாளர்களில் பாதி, உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

நம் நாடாளுமன்றத்தில் 1996இல் தோழர் கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக் குழு ஆராய்ந்த மகளிர் ஒதுக்கீட்டு மசோதா, இருபத்தேழு ஆண்டுகள் கழித்து 2023இல் 106ஆவது திருத்தமாக வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே நடைமுறைக்கு வரும் என்னும் பூட்டோடு வந்தது. 2024 தேர்தலில் 543 உறுப்பினர்களில் பெண்கள் 74 பேர். ஒதுக்கீடு எவ்விடத்தில் பொருத்தப்படுகிறது, வேட்பாளரிடத்திலா, வெற்றி பெறும் இடத்திலா, எந்த நாளிலிருந்து, என்பவற்றை வரிவரியாகப் படித்தே எந்த மசோதாவையும் மதிப்பிட வேண்டும். கட்சிக் குழுக்களின் தேர்தலுக்கும் இது பொருந்தும். மாநாட்டுப் பேராளர் பட்டியலையும் அங்குத் தேர்ந்தெடுக்கப்படும் குழுவின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும்.

2019 பிப்ரவரியில், முதிய குடியரசுத் தலைவர் ஐந்தாம் முறையாகப் போட்டியிடுவதை எதிர்த்து அல்ஜீரிய மக்கள் வெள்ளிதோறும் வீதியில் இறங்கினர். மார்ச் முதல் நாள் பேரணியில் ஜமீலா பூஹிரெத் நடந்து வந்தார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர். மக்கள் கைதட்டி வழிவிட்டனர். அதே மாத இறுதியில், பல்கலைக்கழகத்தின் அருகே குடும்பச் சட்டத்தை நீக்கக் கோரும் பதாகைகளோடு தனிச் சதுக்கம் அமைத்து நின்ற பெண்களை, பேரணியில் வந்த ஆண்கள் சிலர் நெருக்கித் தள்ளிப் பதாகைகளைக் கிழித்தனர். இப்போது நேரமல்ல, ஒற்றுமை குலையும், முதலில் ஆட்சி மாறட்டும் என்பதே அவர்கள் கூறிய காரணம். அடுத்த வெள்ளியன்று அப்பெண்கள் அதே இடத்திற்கு முன்னினும் கூடுதலான எண்ணிக்கையில் வந்து, புதிய பதாகைகளை விரித்தனர்.